கீழே நின்றதாகச் சொன்னேன்

போன மாதம் நம் வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி நம் பள்ளிக்கூடத்தின் படத்தைப் போட்டாள். மேல்மாடி இருந்த இடத்தில் தட்டையான கான்கிரீட் தளம், அதன்மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் மூன்று. முன்பக்கத்து ஏழு வளைவுகளும் அப்படியே நிற்கின்றன. ஆனால் வளைவுகளுக்குள் அலுமினியச் சட்டம் போட்டுக் கண்ணாடி வைத்து அடைத்திருக்கிறார்கள். வெளியூரில் செட்டிலாகிப் பல வருஷமாக ஊர்ப்பக்கம் வராதவர்கள் அதிர்ந்துபோய் அழுகிற முகங்களை வரிசையாகப் போட்டீர்கள். அப்புறம் ஒருத்தி எழுதினாள்: "அந்த மேஸ்திரி மட்டும் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா மேல்மாடி இன்னிக்கும் நின்னிருக்கும்பா."

அதற்குப் பலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். அதில் நானும் ஒருத்தி. விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது.

நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. இனியும் இதை எழுதாமல் இருந்தால் எழுதாமலே போய்விடுவேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைக்கத் தோன்றுகிறதோ நினையுங்கள். மேஸ்திரியைப் பற்றி மட்டும் இனி அப்படி எழுதாதீர்கள்.

நான் காஞ்சிபுரத்துக்கு மேற்கே இருக்கும் தாமல் கிராமத்திலிருந்து வந்தவள். ஆறாம் வகுப்பில் சேர்க்க அப்பா என்னை அழைத்து வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் எங்கள் ஊராட்சித் தலைவர். வெள்ளை வேட்டியும் உரத்த குரலுமாக எங்கே போனாலும் முன்னால் நடப்பவர். அந்த முகப்பு மண்டபத்துக்குக் கீழே வந்ததும் நின்று அண்ணாந்து பார்த்தார். "வெள்ளக்காரன் கட்டினது. இன்னா உசரம் பாரு" என்றார். அப்புறம், யாரும் சொல்லாமலே, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்தக் கட்டடம் பார்க்கிறவர்களை அப்படித்தான் செய்தது. ஜன்னல் திண்டில் இரண்டு பெண்கள் காலை மடக்கி எதிரெதிரே உட்காரலாம். சுவர் அவ்வளவு அகலம். பச்சைப் பலகைக் கதவுகளைச் சாய்த்துவிட்டால் வெயில் தரையில் கோடு கோடாக விழும். கூடத்தின் உச்சியில் இருந்த சின்னச் சின்னக் காற்று ஜன்னல்களைத் திறக்கக் கயிறுகள் தொங்கும். வெள்ளிக்கிழமை அந்தக் கயிற்றை இழுக்க யார் முறை என்று நாம் போட்ட சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. மாடிப்படித் திருப்பத்தில் வட்ட ஜன்னல். அதில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. இரண்டாவது பீரியட் முடிந்து மாடிக்கு ஏறும்போது சிவப்பு வெளிச்சம் ஒரு படியில் சரியாக விழுந்திருக்கும். எல்லோரும் ஒரு நொடி நின்று வெள்ளைச் சட்டையில் அதைப் பூசிக்கொண்டு போவோம். பின்னால் வருகிற டீச்சர் "நடங்க, நடங்க" என்பார்.

முகப்பில் எட்டுத் தூண்கள். தலைப்பில் நம் ஊரில் இல்லாத ஏதோ ஒரு இலை, சுருண்டு சுருண்டு. பள்ளிக்கூடம் பார்க்க வருகிறவர்களிடம் பெரிய டீச்சர் அந்த இலையைப் பற்றித்தான் சொல்வார். எட்டாவது தூணில் மட்டும் இலைகளுக்கு நடுவே ஒரு மாங்கொத்தும் அதைக் கொத்துகிற கிளியும் இருந்ததை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. எனக்கு அதைக் காட்டியவள் மேஸ்திரி மகள்.

"ஏழு தூணுல அவங்க சொன்னத செஞ்சிக் குடுத்தாரு அந்தச் சிற்பி. எட்டாவதுல அவரு இஷ்டத்துக்குச் செஞ்சிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவளை நாம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மேஸ்திரிப் பொண்ணு' என்றுதான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தின் நிரந்தர மேஸ்திரி. கிணற்றடிக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டு வீட்டில் குடியிருந்தார்கள். கோடை விடுமுறையில் அவர் சுண்ணாம்பு அரைப்பார். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ந்து புளித்த அந்த வாசனை, ஜூன் மாதம் நாம் திரும்பி வரும்போதும் சுவர்களில் கொஞ்சம் இருக்கும். அவர் அதிகம் பேச மாட்டார். நம் எல்லோரையும் 'பாப்பா' என்பார்.

அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டடத்தை வரைவாள். வாசல், தூண் எதுவும் தெரியாது. பெட்டி பெட்டியாகக் கோடுகள் மட்டும். "இது இன்னாடி, கோலமா?" என்று கேட்டேன். "மேலருந்து பாத்தா இப்படித்தான் இருக்கும். சுவரு எவ்ளோ தடிமன், வாசல் எங்க, எல்லாம் இதுல இருக்குது. எங்கப்பா வரைவாரு" என்றாள். அது எனக்குப் புரியவில்லை. பிற்பாடு முப்பது வருஷம் அந்த மாதிரி கோடுகளைப் போட்டுத்தான் சம்பளம் வாங்கினேன்.

எட்டாம் வகுப்பில், மழைக்காலத்துக்காக மட்டும் என்னை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். மழையில் தாமல் பேருந்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அத்தை வீடு இருந்த தெருவில் விடிந்தால் தறிச் சத்தம். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர். எதிரே பார்த்தால் எதிர்வீடு. வெளிச்சமாக, நீளமாக எதையுமே பார்க்க முடியாத தெரு. எங்கள் ஊரில் வீட்டுப் பின்புறம் வந்தால் ஏரி. மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கரை தொட்டு நிற்கும். இந்த வருஷம் நிரம்பியதா என்று கேட்க எனக்கு யாரும் இல்லை. அந்த ஏக்கத்தை வகுப்பில் மேஸ்திரி மகளிடம் மட்டும் சொன்னேன்.

"மணிக்கூண்டு மேல ஏறினா தாமல் ஏரி தெரியும்" என்றாள் அவள்.

மணிக்கூண்டுக்குப் போகும் வழி உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. மேல்மாடியில், படிப்படியாக உயரும் மர இருக்கைகள் போட்ட கேலரி அறை இருந்ததே, நாம் பாட்டு வகுப்புக்குப் போகும் அறை, அதன் பின்னால் ஒரு குட்டைக் கதவு. அதற்குள் ஓர் ஏணி. ஏறினால் ஓட்டுக் கூரைக்கும் அறைகளின் சீலிங்குக்கும் நடுவில் ஓர் இருட்டுப் பரண். அதைக் கடந்து போனால் மணிக்கூண்டுக்கு இன்னோர் ஏணி. அங்கே போகப் பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது. சாவி மேஸ்திரி வீட்டு ஆணியில் தொங்கும்.

எனக்குப் பயம் இருந்தது. அந்த வருஷம் ஏற்கெனவே ஒரு முறை, இலந்தை வடை வாங்கச் சுவரேறிக் குதித்து மாட்டியிருந்தேன். பெரிய டீச்சர் அப்பாவை வரச்சொல்லிப் புகார் சொன்னார். அன்று மாலை அப்பா அடிக்கவில்லை. அமைதியாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவ இந்த மாதிரி சேதி வந்துச்சின்னா, புக்க மூட்ட கட்டிக்கினு ஊருக்கு வந்துடணும். உங்கக்கா மாதிரி." அக்காவை ஏழாம் வகுப்போடு நிறுத்தி அடுத்த வருஷமே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்பா சொன்னதைச் செய்கிறவர்.

இருந்தும் போனேன். விடாமல் பெய்துகொண்டிருந்த மழை அன்று மதியம் சட்டென்று விட்டிருந்தது. எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தீர்கள். அவள் ஏணிக்குக் கீழே செருப்பைக் கழற்றினாள். என்னையும் கழற்றச் சொன்னாள். என்னுடையது புதுச் செருப்பு, நீல வார். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கழற்றாமல் ஏறினேன்.

பரணில் புறா எச்ச வாடையும், ஈர ஓட்டின் மணமும். ஓட்டு இடுக்குகளில் வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கியது. காலடியில் வரிசையாகத் தேக்குக் கட்டைகள். கட்டைகளுக்கு நடுவே வெள்ளையாக, தரை மாதிரி ஏதோ தெரிந்தது. அவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "கட்டை மேலயே கால் வை. நடுவுல இருக்கிறது வெறும் மெல்லிசு மரப்பட்டியும் சுண்ணாம்பும். அது கீழருந்து பாக்கத்தான். மேல நிக்க இல்ல."

ஒவ்வொரு கட்டையாகத் தாண்டிப் போய் மணிக்கூண்டில் ஏறினோம். காற்று முகத்தில் அறைந்தது. காஞ்சிபுரத்தின் கோபுரங்கள் எல்லாம் மழையில் கழுவிவிட்ட மாதிரி ஒரே நேரத்தில் தெரிந்தன. மேற்கே, வயல்களைத் தாண்டி வெகுதூரத்தில், ஒரு வெள்ளைக் கோடு பளபளத்தது. "அதான்" என்றாள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது வழியில் இருந்த வேறு ஏதோ ஒரு குளமாக இருந்திருக்கலாம். இன்று கேட்டால் தாமல் ஏரியாக இருந்திருக்க முடியாது என்றுதான் சொல்வேன். அன்று எனக்கு அது எங்கள் ஏரி. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று யாரோ வந்து சொன்னது போல இருந்தது.

அப்போது எங்கள் காதருகில் மணி தானாக ஆடி அடித்தது. கீழே பியூன் கயிற்றை இழுத்துவிட்டார். அந்தச் சத்தம் பல்லுக்குள் இறங்கியது. இருவரும் காதைப் பொத்திக்கொண்டு தடதடவென்று இறங்கினோம். இன்னும் இரண்டு நிமிஷத்தில் கேலரி அறைக்கு யாராவது வந்துவிடுவார்கள். அவள் "மெதுவா, மெதுவா" என்று கத்தியது கேட்டது. ஈரமான ரப்பர் செருப்பு கட்டையில் வழுக்கியது. வெள்ளையின் மேல் கால் வைத்தேன்.

தரை என்று நினைத்தது மொறுமொறுவென்று உடைந்து என்னை விழுங்கியது. கேலரியின் உச்சி இருக்கை அந்த இடத்துக்கு நேர் கீழே இருந்ததால் நான் பிழைத்தேன். முதலில் நான், பிறகு என்மேல் சுண்ணாம்புக் கட்டிகள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. வாயெல்லாம் சுண்ணாம்பு. முதலில் ஓடி வந்தவர் பாட்டு டீச்சர். அவர் மேலே ஓட்டையைப் பார்த்தார், கீழே என்னைப் பார்த்தார்.

"ஐயோ கொழந்தே, சீலிங் உன் மேல விழுந்துடுத்தா?"

தலையாட்டினேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து ஆட்டவில்லை. பதில் கேள்வியிலேயே இருந்தது. நான் அதை வாங்கிக்கொண்டேன். டீச்சரின் தோளுக்குப் பின்னால், வாசலில், மேஸ்திரி மகள் வெறுங்காலோடு மூச்சு வாங்க நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் என்ன இருந்ததோ, அவளும் வாயைத் திறக்கவில்லை.

காலில் மாவுக்கட்டு போட்டு அத்தை வீட்டில் படுத்திருந்தேன். அப்பா நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கத்தினார் என்று கேள்விப்பட்டேன். "எம் பொண்ணு பொணமா வந்திருந்தா நீங்க வந்து அழுவீங்களா?" என்று கேட்டாராம். அவர் செல்வாக்கில் ஓர் எஞ்சினியர் வந்தார். வந்தவர் கேலரி அறையில் நின்று, நீளமான கம்பால் ஓட்டையின் ஓரத்தைக் குத்தினார். இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. "போன கோடையிலதான் பூசினாங்களா? யாரு பூசினது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவர் பின்பக்கத்து ஏணியில் ஏறிப் பார்க்கவில்லை. ஏறியிருந்தால், பரணில் படிந்த தூசியில் இரண்டு பெண்களின் கால்தடம் போக வர இருந்ததைப் பார்த்திருப்பார்.

மூன்றாம் நாள் மேஸ்திரி மகள் என்னைப் பார்க்க வந்தாள். அத்தை அவளை உள்ளே விடாமல் வாசற்படியிலேயே நிற்க வைத்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வாசலுக்குப் போனேன்.

"எங்கப்பாவ வேலைய விட்டு நிறுத்தப் போறாங்களாம்" என்றாள். "நீ சொல்லிடுடீ. நான்தான் கூட்டிக்கினு போனேன்னே சொல்லு. பரவால்ல."

"எங்கப்பா என்ன ஊருக்கு இட்டுக்கினு பூடுவாரு."

அவள் என் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்ப சொல்லுவ?"

"நாளைக்கி" என்றேன். நாளைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. நான் சொல்ல மாட்டேன் என்று புரிந்துகொண்டு அவளே பெரிய டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் அப்பன் வேலையைக் காப்பாற்ற மகள் கதை கட்டுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. அதையும் விசாரித்து முடித்துவிடலாம் என்று என்னை அழைத்து வரச் சொன்னார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த அறையில் நின்ற ஒவ்வொருவரும் நின்ற இடம் எனக்குத் தெரியும். மேசைக்குப் பின்னால் பெரிய டீச்சர். ஜன்னலோரம் மேஸ்திரியும் அவர் மகளும். என் பக்கத்தில் அப்பா, அவர் கை என் தோளில். மேஸ்திரி துண்டில் எதையோ சுற்றி இடுப்போடு பிடித்திருந்தார். துண்டு விலகிய இடத்தில் ஒரு நீல வார் எட்டிப் பார்த்தது. என் செருப்பு. ஒன்று கீழே என்னோடு விழுந்தது. மற்றது மேலேயே இருந்துவிட்டது. அவர் ஏணியில் ஏறிப் பார்த்திருக்கிறார்.

பெரிய டீச்சர் கேட்டார்: "இந்தப் பொண்ணு சொல்றது உண்மையா? நீங்க ரெண்டு பேரும் பரண் மேல ஏறினீங்களா?"

"எம் பொண்ணு அந்த மாதிரியெல்லாம் ஏற மாட்டாம்மா" என்றார் அப்பா. "அப்படி ஏறியிருந்தா இப்பவே இட்டுக்கினு போயிடுறேன். படிச்சதே போதும்." அவர் கை என் தோளில் இறுகியது. என் உடம்பு நடுங்க ஆரம்பித்தது.

மேஸ்திரி ஓரடி முன்னால் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"பாப்பா, பயப்படாத சொல்லும்மா. நீ மேல நின்னியா, கீழ நின்னியா?"

நான் அந்த நீல வாரைப் பார்த்தேன். அவர் அதை எடுத்து மேசைமேல் வைத்தால் எல்லாம் முடிந்துவிடும். வைப்பார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், வைக்கட்டும், அந்த வேலை என் கையில் இல்லாமல் முடியட்டும் என்றுகூட நினைத்தேன். அவர் வைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ" என்றேன்.

மேஸ்திரி மகள் அழவில்லை. "பொய்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். பெரிய டீச்சர் அவளை அதட்டினார். மேஸ்திரி துண்டை இழுத்து மூடினார். "சரிம்மா. பாப்பா சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலை அத்தை வீட்டு வாசலில் அந்த ஒற்றைச் செருப்பு இருந்தது. சுண்ணாம்பு ஒட்டாமல் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். அத்தை, "இது எங்க கெடந்துச்சி?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்கும் தெரியுமே. மேல்மாடி பூட்டப்பட்டது. நம்மை ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்கு மாற்றினார்கள். மார்ச் மாத வெயிலில் அங்கே வெந்தபோதெல்லாம் மேஸ்திரியைத் திட்டினோம். நானும் சேர்ந்துதான் திட்டினேன். பொங்கலுக்கு முன்பே அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எங்கள் இருவரில் ஒருத்தியின் படிப்பு நிற்க வேண்டும் என்று இருந்தது. அது அவளுடையதாக இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன். இதை இப்படி நேராக எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அப்பா தன் மகளைக் காப்பாற்றியதாகவே கடைசி வரை நம்பினார். அவர் போகும்வரை நான் அதையும் கலைக்கவில்லை.

இது பதின்மூன்று வயதில் செய்தது. குழந்தை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று நீங்கள் சொல்லக்கூடும். அடுத்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது.

நான் பாலிடெக்னிக் படித்து, கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது தெரியும். நாற்பது வயதை நெருங்கும்போது ஒரு நாள் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. பள்ளிக்கூடத்தின் மேல்மாடியை இடிக்க அனுமதி கேட்டிருந்தார்கள். முதல் பக்கத்தில் முதல் காரணமாக எழுதியிருந்தது: முன்பு சீலிங் இடிந்து விழுந்து மாணவி ஒருவர் காயமடைந்துள்ளார்.

அளவெடுக்க நானே போனேன். பூட்டிக் கிடந்த கேலரி அறை, தூசி மூடிய இருக்கைகள், மேலே அந்த ஓட்டை. ஏணியில் ஏறினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். உடைந்த பட்டிகள் எல்லாம் கீழ்நோக்கி வளைந்து நின்றன. மேலிருந்து பாரம் இறங்கி உடைந்தது என்று அதைப் பார்க்கிற எவருக்கும் தெரியும். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தேன். கூரையில் சில ஓடுகளை மாற்றினால் போதும், இன்னும் இரண்டு தலைமுறைக்கு அந்த மாடி நிற்கும்.

திரும்பி வந்ததும் என் மேலதிகாரி கேட்டார்: "மேல எப்படிம்மா இருக்குது?"

நல்லா இருக்குது என்றால் அடுத்த கேள்வி வரும்: அப்ப அந்த சீலிங் ஏன் விழுந்துச்சி? அந்தக் கேள்விக்கு அங்கே இருந்தவர்களில் என் ஒருத்தியிடம்தான் பதில் இருந்தது.

"பழசு சார்" என்றேன். பொய் இல்லை. பழசுதான். வரைபடத்தை முடித்து, ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் மேல்மாடி போயிற்று.

இப்போது நீங்கள் போட்ட படத்துக்கு வருகிறேன். அதைப் பார்த்த மறுநாள், இரும்புக்கடை வைத்திருக்கும் அத்தை மகனிடம் விசாரித்தேன். கொத்து வேலைக்காரர்கள் எல்லோரையும் அவனுக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துச் சொன்னான். வாலாஜாவில் இருக்கிறாள்.

போன வாரம் போனேன். சிறிய மாடி வீடு, வாசலில் ஒரு பப்பாளி மரம். என் வயதுக்காரி ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "யாரும்மா?" என்றாள். நான் சொல்வதற்குள் என் நடையைப் பார்த்துவிட்டாள்.

"காலு இன்னும் இழுக்குதா?"

அவளே உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து டீ போட்டாள். வாலாஜாவுக்கு வந்தபின் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அவளுடைய அப்பாவுக்கு நிரந்தரமாக வேலை கிடைக்காததால், கூலி வேலைக்குப் போன இடங்களுக்கெல்லாம் இவளும் சித்தாளாகப் போயிருக்கிறாள். கலவை சுமந்து சுமந்து முழங்கால் போய்விட்டது. அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள்.

"நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியுமே. நானும்தான கூட இருந்தேன்."

"உங்கப்பா ஏன் செருப்பைக் காட்டல?"

"அதக் கேட்டு வூட்டுல நான் சண்ட போடாத நாளில்ல. அதக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்லன்னு. 'அந்தப் பொண்ணு அவங்கப்பா கைல நடுங்கிக்கினு நின்னுச்சி. நான் அத எடுத்து வெச்சிருந்தா அங்கயே அடிச்சிருப்பாரு, ஒடஞ்ச காலோட. எனக்கு வேற வேல கெடைக்கும்'னாரு." டம்ளரில் டீயை ஆற்றினாள். "கெடைக்கல. அது வேற விஷயம்."

நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டாள். சொன்னேன். மேல்மாடி இடித்ததையும், நான் அளவெடுக்கப் போனதையும், 'பழசு சார்' என்று சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் முகத்தில் கோபம் வருமா என்று பார்த்தேன். அவளுடைய கவனம் வேறெங்கோ போயிருந்தது.

"அப்ப நீ மேல ஏறிப் பாத்த இல்ல? கட்டைங்க எப்படி இருந்துச்சி?"

"ஒண்ணுகூட உளுத்துப் போவல."

"பூச்சு?"

"நான் விழுந்த ஓட்டையத் தவிர வேற எங்கயும் ஒரு வெடிப்பு இல்ல. உங்கப்பா பூசினது அப்படியே இருந்துச்சி."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் அவருக்கு அந்த சந்தேகம் இருந்துச்சிபா" என்றாள். "செருப்பத் தன் கையால எடுத்தாரு. நான் நடந்ததச் சொன்னேன். அப்பவும், ஒருவேள நம்ம பூச்சுலதான் கொறையோ, நல்ல பூச்சா இருந்தா ஒரு சின்னப் பொண்ணு வெயிட்டத் தாங்கியிருக்காதான்னு கேட்டுக்கினே இருப்பாரு. ஊரே சொன்னா மனுஷனுக்கு அப்படி ஆயிடுது போல. படுக்கைல கெடக்கும்போதுகூட ஒரு நாள் கேட்டாரு."

தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"நீ ஏறிப் பாத்தப்பவே வந்து அவருகிட்ட சொல்லியிருக்கலாம்பா. அப்ப உசிரோடதான் இருந்தாரு."

சொல்லியிருக்கலாம். என் அலுவலக வாசலிலிருந்து வாலாஜாவுக்கு ஒரே பேருந்து. ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.